புல்தரை பழுத்தால் ஹோஸை எடுக்காதீர்கள், கத்தியை எடுங்கள்

மாசி பிறந்ததும் மதுரை, திருச்சி, கரூர், விருதுநகர்ப் பக்கம் வீட்டு முன்னால் புல்தரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன், அப்புறம் ஏன் காயுது?" தண்ணீர் போதாமல் காயும் புல், தண்ணீர் மிகுந்து அழுகும் புல், உப்பில் கருகும் புல், வேரைப் புழு தின்ற புல் எல்லாமே எட்ட நின்று பார்த்தால் ஒரே பழுப்புத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியமாக ஹோஸைத் திறந்துவிட்டால் முதல் கோளாறு மட்டும் சரியாகும், மற்றவை முற்றும்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். பழுத்த இடமும் பச்சை இடமும் சேரும் ஓரத்தில், பழைய சமையல் கத்தியால் உள்ளங்கை அகலத்துக்கு, அரை அடி ஆழத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுங்கள். செத்துப்போன நடுப்பகுதியில் வெட்டினால் பயனில்லை. காரணம் இப்போது ஓரத்தில்தான் வேலை செய்துகொண்டிருக்கும். ஈரம் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது, வேர் எதுவரை போயிருக்கிறது, வேர் வெள்ளையா பழுப்பா, மண்ணுக்குள் என்ன கிடக்கிறது, என்ன நெளிகிறது என்று பாருங்கள். மோந்தும் பாருங்கள். பார்த்து முடித்ததும் துண்டை அப்படியே வைத்து மிதித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் புல் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அருகு வகைகள் (செலக்ஷன் 1, பெர்முடா என்று விற்பவை) வெயிலையும் ஓரளவு உப்பையும் தாங்கும், நிழலைத் தாங்காது. கொரியன் புல் மெத்தென்று இருக்கும், மெதுவாக வளரும், அடிபட்டால் மீள நாளாகும். பஃபலோ புல் அகல இலை, நிழலில் நிற்கும், ஆனால் தண்ணீர் அதிகம் கேட்கும்.

மதியத்தில் புல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது, மிதித்த கால்தடம் எழும்பவே இல்லை

இது உண்மையான தாகம். மிதித்த இடம் சில நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டால் இன்னும் அவசரமில்லை. தடம் அப்படியே கிடந்தால் அன்று மாலைக்குள்ளோ மறுநாள் காலையோ தண்ணீர் போக வேண்டும்.

வெட்டிய துண்டில் மேல் ஒரு அங்குலம் மட்டும் ஈரம், அதற்குக் கீழே பொடி மண் என்றால் நீங்கள் தினமும் தண்ணீர் தெளிக்கிறீர்கள், பாய்ச்சவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் ஊற்றினால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கத்திரி வெயிலில் ஒரு சென்ட் புல்லுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 30 மி.மீ., அதாவது 1,200 லிட்டர் வேண்டும். உங்கள் ஹோஸ் 15 லிட்டர் வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பேப்பர்காரர் வருவதற்குள் ஐந்து நிமிடம் பிடித்தால் 75 லிட்டர், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வெயில் ஏறுவதற்குள் அது ஆவியாகிவிடும். வேரும் தண்ணீர் கிடைக்கிற மேல் அங்குலத்திலேயே சுருண்டு நிற்கும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிற நாம், வீட்டு அருகை மட்டும் வேரோட விடுவதில்லை.

செய்ய வேண்டியது: அதே 1,200 லிட்டரைச் செம்மண், மணல் கலந்த நிலம் என்றால் வாரம் மூன்று தடவையாகவும், களிமண், கரிசல் என்றால் இரண்டு தடவையாகவும் பிரித்து விடுங்கள். விட்டு ஒரு மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், வறண்ட மண்ணில் நின்றுவிடும். அரை அடி இறங்கினால் போதும். தண்ணீர் உள்ளே போகாமல் வாசலுக்கு வழிந்தோடினால் பத்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி விடுங்கள். ஸ்ப்ரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் ஒரே மாதிரியான நாலைந்து டப்பாக்களைப் புல்லில் அங்கங்கே வைத்து அரை மணி நேரம் ஓட்டி, எதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு டப்பா நிறைய, பக்கத்து டப்பாவில் ஈரம் மட்டும் என்று வந்தால் கோளாறு புல்லில் இல்லை, நாசிலில்.

நேரம் அதிகாலை. வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கை வைக்க முடியாத சூட்டுத் தண்ணீர். அதை ஒரு வாளியில் பிடித்து ஒதுக்கிவிட்டுப் பிறகு புல்லுக்குத் திருப்புங்கள். துளி லென்ஸ் மாதிரி வேலை செய்து இலையைச் சுடும் என்று பயப்பட வேண்டாம். மதியத் தண்ணீரில் உள்ள நஷ்டம் ஆவியாகிப்போவதுதான்.

இன்னொன்று. தெருவில் குடிக்கத் தண்ணீர் லாரி வந்துகொண்டிருக்கும்போது புல்லுக்கு 1,200 லிட்டர் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, தேவையும் இல்லை. அருகு வகை காய்ந்தாலும் சாவதில்லை, உறங்கும். தரையோடு ஓடும் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளிர் பச்சையோ வெள்ளையோ இருந்தால் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்ட்டுக்கு 400 லிட்டர் விட்டு அதை உயிரோடு வைத்திருக்கலாம், மழை வந்ததும் துளிர்த்துவிடும். கொரியனும் பஃபலோவும் இவ்வளவு பொறுக்காது.

எப்போதும் அதே திட்டுத்தான் முதலில் காய்கிறது

கத்தியை இறக்கும்போது "டங்" என்றால் பதில் கிடைத்துவிட்டது. புது வீட்டுப் புல்தரைகளில் பெரும்பாதி பிரச்சினை இதுதான். கட்டி முடித்ததும் செங்கல் துண்டு, ஜல்லி, கலவைக் கட்டி, டைல்ஸ் துண்டு எல்லாவற்றையும் முன்பக்கத்தில் பரப்பி, மேலே நாலு அங்குலம் செம்மண் கொட்டி, அதன் மேல் புல் ஷீட்டை விரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "மூணே நாள்ல பச்சைப் பசேல்னு ஆயிடும் சார்" என்பார்கள், ஆகவும் செய்யும். முதல் கோடைவரை. அடியில் கிடக்கும் சிமெண்ட் கலவை சுண்ணாம்பு மாதிரி மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடுவதால் அந்தத் திட்டு காய்வதற்கு முன்னால் மஞ்சளும் அடிக்கும்.

மருந்து கிடையாது. புல்லை ஓரமாக வெட்டி எடுத்து ஈரச் சாக்கில் நிழலில் வைத்துவிட்டு, அந்த இடத்தை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டிக் கழிவை அள்ளி எறிந்து, மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நிரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு அமுங்க வைத்த பிறகு புல்லைத் திரும்பப் பதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று போகும், அவ்வளவுதான்.

கல் இல்லை, ஆனால் துண்டு வெட்டும்போது புல் ஷீட் தனியாக, கீழ் மண் தனியாகப் பிரிந்து வருகிறது என்றால் அது வேறு கதை. நர்சரியில் ஷீட் வளர்ந்த களிமண் அடுக்கும் உங்கள் மணல் நிலமும் ஒட்டவே இல்லை. வேர் அந்த ஒரு அங்குலக் களிமண்ணை விட்டு இறங்காது. தோட்ட முள்கரண்டியையோ கம்பியையோ கைப்பிடி அளவு இடைவெளியில் ஆழமாகக் குத்தி ஆட்டி எடுத்து, துளைகளில் மணலும் சலித்த மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து கூட்டித் தள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை. கார் ஏறி இறங்கும் ஓரம், கேட்டிலிருந்து படி வரை குறுக்கே நடக்கும் தடம் இவற்றுக்கும் இதே வைத்தியம். நடைத்தடத்துக்கு அதைவிட நல்ல வைத்தியம் நாலு கல் பதித்துவிடுவது.

தண்ணீர் சரி, புல் முழுக்க மஞ்சள்

ஒரு புல்லைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, மேல் இலைகள் வெளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. ஒரு சென்ட்டுக்கு 200 கிராம் யூரியா போதும். மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது வீசி, உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். "கொஞ்சம் கூடப் போட்டா சீக்கிரம் பச்சையாகும்" என்று கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் போட்ட இடமெல்லாம் இரண்டே நாளில் கருகும். கத்திரி நாட்களில் யூரியாவே வேண்டாம்.

புது இலைதான் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. போர் தண்ணீரின் கார்பனேட் உப்புகளாலும் சுண்ணாம்பு மண்ணாலும் மண்ணின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எட்டுக்கு மேல் போய், இருக்கிற இரும்பைப் புல்லால் எடுக்க முடியவில்லை. உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) என்று கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளித்தால் சில நாளில் நிறம் திரும்பும். டைல்ஸ், வெள்ளைச் சுவர், போர்டிகோ மேல் பட்டால் துருக்கறை போகவே போகாது, அட்டை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு சொதசொதவென்று இருந்து, வேர் பழுப்பாகி, சாக்கடை வாடை அடித்தால், அல்லது மண்மேல் பச்சைப் பாசி படிந்திருந்தால், தண்ணீரை நிறுத்துங்கள். வேறு எதையும் போடாதீர்கள்.

இலை நுனி கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் பொருக்கு

உப்பு. நம் வறண்ட மாவட்டங்களில் கோடையில் போர் தண்ணீர் மட்டம் இறங்க இறங்கப் பல இடங்களில் உப்பு ஏறும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். ஆர்.ஓ. பழுதுபார்க்க வருபவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போர் தண்ணீரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரத்துக்குள் என்றால் கவலைப்படாதீர்கள். இரண்டாயிரத்தைத் தாண்டினால் கொரியன் புல்லை மறந்துவிட்டு அருகு வகைக்கு மாறுவது நல்லது.

ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வெளியேறும் தண்ணீரைச் "சும்மா போகுதே" என்று புல்லுக்குத் திருப்பி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அது உப்பு செறிந்த தண்ணீர். பாத்ரூம் கழுவத்தான் லாயக்கு. வாட்டர் சாஃப்ட்னர் போட்ட வீடு என்றால் அந்தக் குழாய்த் தண்ணீரும் ஆகாது, அதில் கால்சியத்துக்குப் பதில் சோடியம் இருக்கும். சோப்புத்தூள் கலந்த வாஷிங் மெஷின் தண்ணீருக்கும் அதே குறை. ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நல்ல தண்ணீர்தான், ஆனால் அதை நம்பிப் புல் வளர்க்க முடியாது.

உப்பை வெளியேற்ற ஒரே வழி கீழே கழுவித் தள்ளுவதுதான். நிலம் தண்ணீரை உள்ளே இழுக்கிறது என்றால் மாதம் ஒருமுறை வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு விடுங்கள். முடிந்தால் சேமித்த மழைத் தண்ணீரையோ கார்ப்பரேஷன் தண்ணீரையோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளம்போல் நின்று, காய்ந்ததும் மண் சிமெண்டாக இறுகினால் அது சோடியம் மிகுந்த களர். அதற்கு ஜிப்சம் வேண்டும். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்து, களர் என்று உறுதியானால் சென்ட்டுக்கு 8 முதல் 10 கிலோ வரை புரட்டாசிக் கடைசியில் தூவி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். சித்திரையில் ஜிப்சம் போட்டுப் போர் தண்ணீர் ஊற்றுவது காசுக்குக் கேடு.

பழுத்த புல்லை இழுத்தால் பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வருகிறது

வேரே இல்லை என்று அர்த்தம். அடியில் ஆங்கில "சி" எழுத்துபோல் வளைந்த, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுக்கள் கிடக்கும். வேர்ப்புழு. ஒரு சதுர அடிக்கு ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். ஐந்தாறுக்கு மேல் என்றால் நடவடிக்கை வேண்டும். மைனாவும் காகமும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்திக்கொண்டிருந்தால் வெட்டிப் பார்க்காமலேயே சந்தேகப்படலாம்.

கோடை மழை முதலில் பெய்ததும் மண்ணிலிருந்து பழுப்பு வண்டுகள் கிளம்பி, இருட்டும் நேரத்தில் வேப்பமரத்தில் மொய்க்கும். அவைதான் பிறகு புல்லில் இறங்கி முட்டையிடுகின்றன. அந்த ஒரு வாரம் இரவில் வேப்பங்கிளையைப் பிடித்து உலுக்கி, கீழே விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால், ஆடி ஆவணியில் வரப்போகிற புழுவில் பெரும்பங்கு குறைந்துவிடும். வந்த பிறகு என்றால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைப் பொடியை மக்கிய உரத்தோடு கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது மாலையில் தூவுங்கள், வேப்பம்புண்ணாக்கும் போடுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். பழைய பழக்கத்தில் சிலர் இன்னும் ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைச் சிபாரிசு செய்வார்கள். அது 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. குழந்தையும் நாயும் புரளும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

வேர் நன்றாக இருக்கிறது, ஆனால் இலை மட்டும் கடித்துக் குதறியிருக்கிறதா? இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தை நாலு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு சதுர கஜத்தில் ஊற்றுங்கள். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் கம்பளிப்புழு, பச்சைப்புழு எல்லாம் சில நிமிடத்தில் மேலே ஏறி வந்துவிடும்.

வட்ட வட்டமாகத் திட்டு

கையகல வட்டம், நடுவில் கருகல், சுற்றிலும் கரும்பச்சை வளையம்: நாய் மூத்திரம். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதுதான் மருந்து.

மழைக்காலத்தில், இரவுத் தூறலுக்குப் பிறகு, நாளுக்கு நாள் அகலமாகும் வட்டம் என்றால் பூஞ்சாணம். விடியற்காலையில் பனி காய்வதற்கு முன்னால் குனிந்து பாருங்கள், ஓரத்தில் சிலந்தி வலைபோல் வெள்ளை நூல் தெரியும். சாயங்காலத் தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் தெளிக்கலாம். ஏற்கெனவே ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போட்டிருக்கிறீர்கள் என்றால் இதைத் தெளிக்காதீர்கள், கார்பன்டசிம் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். வட்டத்தில் காளான் முளைத்தால் அடியில் பழைய மரத்துண்டோ கட்டுமானப் பலகையோ மக்குகிறது. தோண்டி எடுத்துவிடுங்கள்.

வெட்டிய மறுநாள் பழுப்பு

அடியோடு வெட்டிவிட்டீர்கள். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அருகு வகையை மற்ற நாளில் ஒரு அங்குலத்தில் வைத்திருந்தாலும் கோடையில் ஒன்றரைக்கு உயர்த்துங்கள், அதன் நிழலே மண்ணைக் காக்கும். பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருபவர் மழமழவென்று வழித்துக் கொடுப்பதைப் பார்த்தால் திருப்தியாகத்தான் இருக்கும், பின்னால் நின்று "மேலாப்ல மட்டும் எடுங்கண்ணே" என்று சொல்லியே ஆக வேண்டும். வெட்டிய நுனி பிசிறு பிசிறாக வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது. சாணை பிடித்தால் சரி.

கோரை

தண்டை விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக உருண்டால் புல் அல்ல, கோரை. பிடுங்கினால் மேலே உள்ளது மட்டும் வரும். கிழங்கு மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்து, ஒரு அடி ஆழம்வரை இருக்கும். லாரிச் செம்மண்ணோடுதான் அது பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிறது. அதனால் மண்ணைச் சலிக்காமல் பரப்பாதீர்கள். மக்காத சாணத்தைத் தூவினால் கோரை வராது, ஆனால் அம்மான்பச்சரிசி, சாரணை என்று மேய்ச்சல் நிலமே வந்து இறங்கும்.

கொஞ்சமாக இருந்தால் களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்டுங்கள். நிறைய என்றால் துளிர்க்கத் துளிர்க்க விடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிழங்கு இளைக்கும், ஆனால் ஒரு வருடப் பொறுமை வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் புல்லும் சேர்ந்து போகும். கரும்புக்குக் கோரை மருந்தாக விற்கும் ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் அருகு வகைப் புல்லை விட்டுவிட்டுக் கோரையைத் தாக்கும். அட்டையில் போட்ட அளவை மீறாதீர்கள், முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள்.

மரத்தடியில் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது

மாமரத்தடியிலும் அடர்ந்த வேப்பமரத்தடியிலும் நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழாது. அருகுக்கு அது போதாது. மேலே இலை வெயிலை மறைக்கும், கீழே வேர் தண்ணீரைப் பிடுங்கும். வருடா வருடம் புது ஷீட் வாங்கிப் போட்டு நர்சரியை வாழவைப்பதைவிட, தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டுப் பஃபலோ புல் நட்டுப் பாருங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் அந்த வட்டத்தில் சருகையே மூடாக்காகப் போட்டு விட்டுவிடலாம். மரத்துக்கும் அதுதான் பிடிக்கும்.

அரை நிழல், மிதிபடாத இடம் என்றால் என் தேர்வு போடுதலை. நம் வாய்க்கால் கரையில் தானாகப் படரும் செடி, வேர் பிடித்த பிறகு புல்லைவிடக் குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும், வெட்டும் வேலையும் அரிது. ஆடியில் தண்டை ஒரு சாண் இடைவெளியில் நட்டால் கார்த்திகைக்குள் மூடிவிடும். பூவுக்குத் தேனீ வரும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் என்றால் பூக்கும்போது ஒருமுறை வழித்துவிடுங்கள்.